பேட்ரிக் கெடிஸ்: வாழ்க்கையும் நகரமைப்புப் பணியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேட்ரிக் கெடிஸ் யார்?

ஸ்காட்லாந்துக்காரர். 1854 அக்டோபர் 2 அன்று அபர்தீன்ஷயரிலுள்ள பாலட்டரில் பிறந்து, பெர்த் நகரை ஒட்டிய குன்றுச் சரிவில் வளர்ந்தவர். டண்டீ பல்கலைக்கழகக் கல்லூரியில் 1888 முதல் 1919 வரை தாவரவியல் பேராசிரியர். அந்தப் பதவியில் கோடைப் பருவத்தில் மட்டும் பாடம் நடத்தினால் போதும் என்பது ஏற்பாடு. ஆண்டின் மற்ற மாதங்களையெல்லாம் அவர் நகரங்களுக்குக் கொடுத்தார். எடின்பரோவின் பாழடைந்த பழைய நகரைச் சந்து சந்தாகச் சீர்படுத்தியதில் தொடங்கி, தஞ்சாவூர், இந்தூர், கொழும்பு, எருசலேம், டெல் அவீவ் வரை அவர் வேலை விரிந்தது. 1932 ஏப்ரல் 17 அன்று பிரான்சின் மோன்பெலியே நகரில் இறந்தார்.

அவர் கட்டடக் கலைஞரா?

இல்லை. கட்டடக் கலையை முறையாகப் படித்ததில்லை. எந்தக் கட்டடத்துக்கும் தன் கையால் வரைபடம் போட்டுக் கையெழுத்திட்டவரும் இல்லை. எடின்பரோ கோட்டையை ஒட்டி நிற்கும் ராம்சே கார்டன் குடியிருப்பை அவர் கட்டினார் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். எண்ணமும் முயற்சியும் அவருடையவை. வரைந்தவர்கள் ஸ்டூவர்ட் ஹென்பெஸ்ட் கேப்பரும் அவருக்குப் பின் சிட்னி மிட்செலும். பிற்காலத்தில் அவருக்காக வரைந்தவர் மருமகன் ஃபிராங்க் மியர்ஸ். கெடிஸின் சொந்தத் திறமை வேறு: ஒரு பகுதியை நடந்து பார்த்து, அங்கே எது உயிரோடு இருக்கிறது, எது அழுகுகிறது என்று கண்டுபிடிப்பது. அவருடைய திட்டங்கள் எல்லாமே இந்தப் பார்வையிலிருந்து பிறந்தவை. வரைபடத்தை மட்டும் பார்த்தால் அவரைப் புரிந்துகொள்ள முடியாது.

உயிரியல் படித்தவர் நகரங்களுக்கு எப்படி வந்தார்?

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாவரவியலில் சேர்ந்து, ஒரே வாரத்தில் வெளியேறினார். லண்டன் போய் உயிரியலாளர் டி. எச். ஹக்ஸ்லியிடம் படித்தார். பிறகு பிரான்சில் ரோஸ்கோஃப் கடல் உயிரியல் நிலையத்திலும் பாரிசிலும் இருந்தபோது ஃபிரெடரிக் லெ ப்ளே என்ற சமூக ஆய்வாளரின் கருத்துகளைச் சந்தித்தார். ஒரு குடும்பத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அது வாழும் இடம், செய்யும் தொழில், குடும்ப அமைப்பு மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது லெ ப்ளேயின் வழி. உயிரினம், அதன் செயல், அதன் சூழல் என்று பார்த்துப் பழகிய உயிரியல் மாணவருக்கு இது உடனே பிடிபட்டது.

1879-ல் மெக்சிகோவுக்கு மாதிரிகள் சேகரிக்கப் போனவருக்குக் கண் பார்வை தற்காலிகமாகப் போயிற்று. இருட்டறையில் அடைந்து கிடந்த அந்த வாரங்களில் காகிதத்தைக் கட்டம் கட்டமாக மடித்து, விரலால் தடவி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கருத்தை ஒதுக்கிச் சிந்திக்கப் பழகினார். பார்வை திரும்பியது. ஆனால் நெடுநேரம் நுண்ணோக்கியில் குனிந்திருக்கும் வேலை இனி ஆகாது என்றாயிற்று. காகித மடிப்புப் பழக்கம் மட்டும் கடைசி வரை போகவில்லை.

எடின்பரோவில் அவர் செய்தது என்ன?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடின்பரோவின் வசதியானவர்கள் பள்ளத்துக்கு அப்பாலிருந்த புதிய நகரத்தில் இருந்தார்கள். கோட்டையிலிருந்து இறங்கும் முதுகுச் சரிவின் பழைய நகரம் ஏழைகளுக்கு விடப்பட்டிருந்தது. உயரமான அடுக்கு வீடுகள், ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய சந்துகள், வெளிச்சமில்லாத முற்றங்கள். மாநகராட்சிக்குத் தெரிந்த மருந்து இடிப்பதுதான்.

1886-ல் அன்னா மார்ட்டனை மணந்த கெடிஸ், மறு ஆண்டு மனைவியோடு அந்தப் பகுதியிலேயே ஜேம்ஸ் கோர்ட்டில் குடியேறினார். அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து சுவர்களுக்கு வெள்ளையடிப்பது, முற்றத்தைக் கழுவுவது, ஜன்னல்களில் பூப்பெட்டி வைப்பது என்று தொடங்கினார்கள். வேலை விரிந்த வரிசையையும் கவனிக்க வேண்டும். முதலில் துப்புரவு. அடுத்து, முற்றத்தை அடைத்து நிற்கும் மிக மோசமான ஒரு கட்டடத்தை மட்டும் எடுத்துவிட்டுக் காற்றும் வெயிலும் வர வழி செய்தல். பிறகு மீதிக் கட்டடங்களைப் பழுது பார்த்தல். கடைசியாக, அந்த இடத்துக்குப் புதிய ஆட்களைக் கொண்டுவருதல். 1887-ல் ஸ்காட்லாந்தின் முதல் மாணவர் விடுதியை அங்கே திறந்தார். விடுதியை மாணவர்களே நடத்தினார்கள். ரிடில்ஸ் கோர்ட்டைப் புதுப்பித்து விடுதியாக்கி, அதன் வளைவில் ‘வாழ்ந்தே கற்கிறோம்’ என்று பொருள்படும் லத்தீன் வாசகத்தைப் பொறித்தார். அந்தக் கட்டடம் இன்றும் அவர் பெயரிலான மையமாக இயங்குகிறது.

இடிக்கப்பட இருந்த லேடி ஸ்டேர் மாளிகையை ரோஸ்பெரி பிரபுவை வாங்கவைத்துக் காப்பாற்றினார். அது 1907-ல் நகரத்துக்குக் கொடையாக வந்தது. அவருடைய குழு பழைய நகரில் சும்மா கிடந்த மனைகளைக் கணக்கெடுத்தபோது எழுபதுக்கும் மேற்பட்ட துண்டுகள், மொத்தம் சுமார் 10 ஏக்கர், தேறின. மகள் நோரா அவற்றில் சிலவற்றைக் குழந்தைகளுக்கான தோட்டங்களாக வடிவமைத்தார். எடின்பரோவின் பழைய, புதிய நகரங்கள் இரண்டும் 1995-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. பழைய பாதியில் பார்க்க ஏதாவது மிஞ்சியிருக்கிறது என்றால் அதில் இந்தத் தம்பதிக்குப் பெரிய பங்கு உண்டு.

இதற்கெல்லாம் பணம்?

பெரும்பகுதி கடன். வீடுகளை அடமானத்தில் வாங்குவார், பழுது பார்ப்பார், வாடகைக்கு விடுவார், அந்த வரவைக் காட்டி அடுத்த வீட்டுக்குக் கடன் வாங்குவார். பழைய கட்டடத்தில் பழுதுச் செலவு எப்போதும் மதிப்பீட்டைத் தாண்டும். வாடகையோ மெதுவாகத்தான் வரும். இந்த இடைவெளிதான் அவரை முடக்கியது. கடைசியில் 1896-ல் நண்பர்கள் சேர்ந்து டவுன் அண்ட் கவுன் அசோசியேஷன் என்ற பங்கு நிறுவனத்தை அமைத்துச் சொத்துகளை அதன் கையில் எடுத்துக்கொண்டார்கள். வரவு செலவை ஒழுங்காக வைத்திருந்தவர் அன்னா. அவர் இல்லாமல் பாதி வேலைகூட நடந்திருக்காது.

அவுட்லுக் டவர் என்பது என்ன?

கோட்டைக்குப் போகும் தெருவில் உள்ள பழைய வீடு அது. 1853-ல் மரியா தெரசா ஷார்ட் என்ற பெண் மேல்தளங்களையும் உச்சியில் இருட்டறைப் படக்கருவியையும் சேர்த்திருந்தார். கூரைமேல் சுழலும் கண்ணாடியும் வில்லையும் நகரின் உயிருள்ள காட்சியைக் கீழே இருட்டறையில் இருக்கும் வெள்ளை வட்ட மேசையில் விழச் செய்யும். 1892-ல் கெடிஸ் இதை வாங்கி ஊர் அருங்காட்சியகமாக மாற்றினார்.

அவர் வகுத்த முறை: வந்தவரைக் கீழ்த் தளங்களில் நிறுத்தாமல் நேரே உச்சிக்கு ஏற்றிவிட வேண்டும். முதலில் மேசையில் நகரக் காட்சி. பிறகு மாடத்தில் நின்று வெறுங்கண்ணால் சுற்றிலும் பார்த்தல். அதன் பிறகு ஒவ்வொரு தளமாக இறங்குதல். மேலே எடின்பரோ, அதற்குக் கீழே ஸ்காட்லாந்து, பிறகு ஆங்கிலம் பேசும் நாடுகள், ஐரோப்பா, தரைத்தளத்தில் உலகம். தன் ஊரிலிருந்து உலகத்துக்கு இறங்கும் வரிசை. நடுவே ஒரு நாற்காலி மட்டும் போட்ட வெற்றறை ஒன்று உண்டு. பார்த்ததை உட்கார்ந்து யோசிப்பதற்கு. கட்டடம் இன்றும் சுற்றுலா இடமாக இருக்கிறது. ஆனால் அவருடைய தளவாரி ஏற்பாடு இப்போது இல்லை. போகிறவர்கள் வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்துப் போகவும். மேகமூட்டத்தில் மேசையில் படம் மங்கலாகத்தான் விழும்.

‘இடம், தொழில், மக்கள்’ கட்டத்தை எப்படிப் போடுவது?

ஒரு தாளை நீளவாக்கில் மூன்றாகவும் குறுக்கே மூன்றாகவும் மடியுங்கள், ஒன்பது கட்டங்கள். இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குப் போகும் மூன்று கட்டங்களில் இடம், தொழில், மக்கள் என்று எழுதுங்கள். மீதி ஆறு கட்டங்களும் இரண்டிரண்டின் சேர்க்கை. தொழில் நடக்கும் இடம்: வயல், பட்டறை, சந்தை. மக்கள் இருக்கும் இடம்: வீடு, தெரு. இடம் தரும் தொழில்: ஆறு இருந்தால் மீன்பிடிப்பு, களிமண் இருந்தால் செங்கல். இப்படியே மற்றவையும்.

பயன் எங்கே என்றால், காலியாக நிற்கும் கட்டத்தில். ஒரு தெருவைப் பற்றி எழுதும்போது ‘இடம்’ நிரம்பி வழியும். ‘மக்களின் தொழில்’ வெறுமையாக இருக்கும். நாம் வீடுகளை எண்ணிவிட்டு, அவற்றில் இருப்பவர்கள் பகலில் எங்கே போகிறார்கள் என்று கேட்கவே இல்லை என்று பொருள். கெடிஸ் இதையே 36 கட்டங்கள் வரை விரித்தார். அந்தப் பெரிய படம் அவருக்கே தெளிவாக இருந்தது. கேட்டவர்களில் பலருக்கு இல்லை. முதலில் ஒன்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பள்ளத்தாக்கு வெட்டுமுகம்?

மலை உச்சியிலிருந்து கடல் வரை ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கை நெடுக வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பது போன்ற படம். மேலிருந்து சுரங்கத் தொழிலாளி, மரம் வெட்டி, வேட்டைக்காரர், இடையர், சிறு உழவர், தோட்டக்காரர், மீனவர் என்று ஒவ்வோர் உயரத்துக்கும் ஒரு தொழில். நகரம் என்பது இத்தனை தொழில்களும் இறங்கி வந்து சந்திக்கும் இடம். ஆகவே நகரை மட்டும் தனியாகத் திட்டமிட முடியாது, அதன் ஆற்றுப்படுகை முழுவதையும் பார்க்க வேண்டும். வட்டார அளவில் திட்டமிடுவது என்ற எண்ணம் வேரூன்றியதில் இந்தப் படத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

டன்ஃபர்ம்லின் திட்டம் ஏன் நிராகரிக்கப்பட்டது?

தான் பிறந்த ஊரான டன்ஃபர்ம்லினுக்கு ஆண்ட்ரூ கார்னகி 1903-ல் ஒரு பூங்காவையும் பெரும் அறக்கட்டளையையும் கொடுத்தார். பூங்காவுக்கு மட்டும் யோசனை கேட்ட அறங்காவலர்களிடம், 1904-ல் கெடிஸ் ஊர் முழுவதற்கும் ஓர் அறிக்கை கொடுத்தார். ஓடையைச் சுத்தம் செய்வதிலிருந்து அருங்காட்சியகங்கள் வரை எல்லாம் அதில் இருந்தன. இப்போது இருப்பது ஒரு புகைப்படம், மாற்றியபின் இருக்கக்கூடியது அதன்மேல் தீட்டிய இன்னொன்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். அன்று இது புதுமை. கேட்டதைவிடப் பல மடங்கு பெரிய திட்டம், செலவும் அதற்கேற்ப. ஒதுக்கிவிட்டார்கள். இதே தவறு அவர் வாழ்க்கையில் திரும்பத் திரும்ப வரும்.

இந்தியாவுக்கு எப்படி வந்தார்? எம்டன் கப்பலுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

1911 முதல் அவர் ஒரு நகரக் கண்காட்சியை ஊர் ஊராகக் கொண்டுபோனார்: வரைபடங்கள், பழைய ஓவியங்கள், புகைப்படங்கள், மாதிரிகள். 1913-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரக் கண்காட்சியில் அதற்கு உயரிய பரிசு கிடைத்தது. சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு முன்னர் ஸ்காட்லாந்துக்கான அமைச்சராக இருந்தவர். அவருடைய அழைப்பின்பேரில் 1914-ல் கெடிஸ் மகன் அலஸ்டரோடு புறப்பட்டார். கண்காட்சிப் பொருள்கள் கிளான் கிராண்ட் என்ற சரக்குக் கப்பலில் தனியாக வந்தன. செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு வீசிய அதே எம்டன், அக்டோபரில் மினிக்காய் அருகே கிளான் கிராண்டை மூழ்கடித்தது. வாழ்நாள் சேகரிப்பு கடலுக்குள் போயிற்று.

பிரிட்டனில் இருந்த நண்பர்கள் அவசரமாக மாற்றுத் தொகுப்பு ஒன்றைத் திரட்டி அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் கண்காட்சி நடந்தது.

சென்னை நகரையே கெடிஸ் திட்டமிட்டார் என்பது சரியா?

சரியல்ல. சென்னைக்கு நகரமைப்பு ஆலோசகராக இருந்தவர் எச். வி. லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். கெடிஸ் மாகாணத்து ஊர்களைப் பார்த்து 1915-ல் அறிக்கைகள் கொடுத்தார். பிறகு பம்பாய் மாகாணம், பரோடா, லக்னோ, பல்ராம்பூர், லாகூர், டாக்கா, கல்கத்தாவின் படா பஜார், பட்டியாலா. சுமார் 50 ஊர்களுக்கு அவருடைய அறிக்கைகள் உண்டு.

தஞ்சாவூரில் அவர் என்ன பரிந்துரைத்தார்?

கோட்டைக்குள் நெருக்கமான குடியிருப்பு ஒன்றில் நெரிசலைக் குறைக்க, கட்டம் போட்டாற்போல நேர்த்தெருக்களை வெட்டும் திட்டம் தயாராக இருந்தது. வரைபடத்தில் அது அழகாகவே தெரியும். ஆனால் வரைகோல் நல்ல வீடு, கெட்ட வீடு பார்க்காது. கோடு போகும் வழியில் நிற்பதெல்லாம் போய்விடும். கெடிஸ் அதே இடத்தை நடந்து பார்த்து வேறு வரைபடம் போட்டார். இடிந்து கிடப்பவற்றை மட்டும் அகற்றி, ஏற்கெனவே காலியாக உள்ள மனைகளை ஒன்றோடொன்று சேர்த்து, சந்துகளை அங்கங்கே அகலமாக்கிச் சிறு வெளிகளாகத் திறந்துவிடுவது. வீடுகளில் பெரும்பாலானவை தப்பின; செலவும் மிகக் குறைந்தது. இந்தத் தஞ்சை வரைபடங்களை, இருந்தது, பொறியாளர் சொன்னது, கெடிஸ் சொன்னது என மூன்றையும் வரிசையாக வைத்துத்தான் இன்றும் பல நகரமைப்புக் கல்லூரிகளில் அவருடைய முறையைக் கற்பிக்கிறார்கள்.

அந்த முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

அதற்கு அவர் மருத்துவத்திலிருந்து இரண்டு பெயர்கள் வைத்தார்: முதலில் நோயறிதல், பிறகு காக்கும் அறுவை. அவர் அறிக்கைகளிலிருந்து தேறும் வரிசை இது.

முதல் வேலை நடை. எந்தத் தீர்வும் மனதில் இல்லாமல் எல்லாச் சந்துகளிலும், முட்டுச் சந்து உட்பட, நடக்க வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்து வரைந்து பிறகு இடத்தைப் பார்ப்பது தலைகீழ். நாற்றத்தையும் சலிப்பையும் பொறுத்துக்கொண்டு பல மணி நேரம் அலைய வேண்டியிருக்கும் என்று அவரே எச்சரிக்கிறார்.

இரண்டாவது, வரைபடம். அன்று நகராட்சிகளிடம் இருந்த வரைபடங்களில் வீட்டு வரிசைகள் ஒரே கறுப்புத் திட்டாக இருந்தன. இந்த வேலைக்கு ஒவ்வொரு வீடும், முற்றமும், கிணறும், மரமும், கோயிலும் தனித்தனியே தெரிய வேண்டும். இன்று செய்பவர்களுக்கு 1:500 அளவு போதும். தாளில் 1 செ.மீ. தரையில் 5 மீட்டர்.

மூன்றாவது, தரம் பிரித்தல். நல்ல நிலையில் உள்ள வீடு, பழுது பார்த்தால் நிற்கும் வீடு, மீட்க முடியாத வீடு, ஏற்கெனவே இடிந்த மனை என்று நான்கு நிறம். நிறம் தீட்டி முடித்ததும் வழி பெரும்பாலும் தானே தெரியும்: கடைசி இரண்டு நிறங்களும் அங்கங்கே தொட்டுக்கொண்டு கிடக்கும். அந்தத் தொடர்தான் காற்றும் ஆளும் போகும் புதிய பாதை.

நான்காவது, கத்தி வைப்பது. மீட்க முடியாதவற்றில் எவற்றை எடுத்தால் அதிக வீடுகளுக்கு வெளிச்சம் வருமோ அவற்றை மட்டும். ஒரு சந்தின் முழு நீளத்தையும் ஒரே அகலமாக்கத் தேவையில்லை. ஒரு கிணற்றடி, ஒரு கோயில் முகப்பு, ஒரு வேப்பமரம் இவற்றைச் சுற்றி அகலம் கிடைத்தால் போதும். திறந்த இடத்தை உடனே மரம் நட்டுத் தளம் போட்டுப் பயனுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஐந்தாவது, இதுதான் முதலில் செய்ய வேண்டியதும்: வீடு இழப்பவர்களுக்கு மாற்று இடம். இடித்த பிறகு தேடுவது அவருக்கு ஏற்பே இல்லை.

இந்த முறையில் எவை தவறும்?

மாற்று வீடு இல்லாமல் இடித்தால், வெளியேறியவர்கள் பக்கத்துத் தெருவில் ஒரே அறையில் இரண்டு குடும்பமாக அடைவார்கள். நெரிசல் தீரவில்லை, இடம் மாறியது. பல நகர மேம்பாட்டு அமைப்புகளின் மீது அவர் வைத்த முதன்மைக் குற்றச்சாட்டு இதுவே.

திறந்துவிட்ட வெளிக்குப் பொறுப்பாளி இல்லையென்றால் ஓர் ஆண்டில் குப்பைமேடாகும் அல்லது கடை முளைக்கும். மரமும் கிணறும் உள்ள வெளி தப்பும். வெற்று மனை தப்பாது.

உரிமையாளர் ஒருவர், குடியிருப்பவர் இன்னொருவர், வழக்கு மூன்றாமவர் பெயரில் என்றிருக்கும் வீட்டை வெளித்தோற்றத்தை வைத்துத் தரம் பிரித்தால் கணக்கு தப்பும். பாழாகத் தெரிவது பாகப்பிரிவினை முடியாததாலும் இருக்கலாம்.

எல்லாவற்றையும்விட, இந்த வேலைக்கு நேரம் வேண்டும். நேர்த்தெருத் திட்டத்தைச் சில நாளில் வரைந்துவிடலாம். இதற்கு அனுபவமுள்ளவர் வாரக்கணக்கில் அலைய வேண்டும். கட்டுமானத்தில் மிச்சமாகும் பெரும் தொகை ஆய்வுச் செலவுத் தலைப்பில் தெரியாது. அதனாலேயே நிர்வாகங்கள் இதைத் தவிர்க்கின்றன.

காஞ்சி, மதுரை போன்ற கோயில் நகரங்களைப் பற்றி என்ன நினைத்தார்?

வியந்தார், வெளிப்படையாக. காஞ்சிபுரத்தில் அவரை மகிழ்வித்தது கோயில்களின் பெருமை மட்டுமல்ல. ஊர் முழுவதும் ஒரு திட்டத்தில் அமைந்து, விசாலமாகவும், தனித்தனி வீடுகளுக்கு உரிய சுதந்திரத்தோடும் இருப்பது. இதற்கு ஈடாக எஞ்சியிருக்கும் நகரை இந்தியாவிலோ வெளியிலோ சொல்ல முடியவில்லை என்று எழுதினார். மதுரையின் ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி வீதிகள்போல் கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த தெருக்களை, தேரோட்டமும் அன்றாட வாழ்வும் சேர்ந்து வடித்த நகரமைப்பாகப் பார்த்தார். சி. பி. வெங்கடராம ஐயர் பண்டைத் தக்காணத்தின் நகரமைப்பைப் பற்றி எழுதி 1916-ல் சென்னையில் வெளியான நூலுக்கு முன்னுரை தந்தவரும் கெடிஸ்தான். நகரமைப்பு ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான கலை என்று அதிகாரிகள் நினைத்திருந்த காலத்தில் இந்தக் குரல் மிகவும் வேண்டியிருந்தது.

குளங்களையும் கிணறுகளையும் மூடக் கூடாது என்று சொன்னது ஏன்?

மலேரியாவுக்குக் காரணம் கொசு என்று தெரிந்த பிறகு, ஊர்க் குளங்களைத் தூர்த்துவிடுவதே சுகாதாரத் துறையின் வழக்கமாயிற்று. கெடிஸின் எதிர்வாதம் நேரானது. குளம் மழைவெள்ளத்தைத் தாங்குகிறது, சுற்றுப்புறத்தைக் குளிர்விக்கிறது. கொசுப்புழுவைத் தின்ன மீனும் வாத்தும் விடுங்கள், கரையைச் சீர்படுத்துங்கள். தூர்த்த குளத்தின் தண்ணீர் அடுத்த மழையில் தெருவுக்கு வரும். குழாய்த் தண்ணீர் வந்ததும் கிணற்றை மூடுவதையும் எதிர்த்தார். எந்தக் குழாய் அமைப்பும் ஒரு நாள் பழுதாகும். அன்றைக்குக் கிணறு முன்னோர் எடுத்துவைத்த காப்பீடு. சொல்லி நூறாண்டு கடந்த இந்த இரண்டு பத்திகளுக்காக மட்டுமே அவரை நம் ஊர் ஒவ்வொன்றிலும் படிக்கலாம்.

இந்தூரில் தீபாவளிக்கு என்ன நடந்தது?

1917-ல் இந்தூரில் பிளேக் பரவியிருந்தது. வீட்டைச் சுத்தம் செய்யுங்கள் என்ற அரசு அறிவிப்பை யாரும் பொருட்படுத்தவில்லை. கெடிஸ் அரசரிடம் ஒரு நாள் அதிகாரம் கேட்டு வாங்கினார். தீபாவளி ஊர்வலம் இந்த முறை வழக்கமான பாதையில் போகாது, எந்தத் தெருக்கள் நன்றாகத் துப்புரவாகிப் பழுது பார்க்கப்பட்டிருக்கின்றனவோ அவற்றின் வழியே போகும் என்று அறிவித்தார். தெருக்களுக்குள் போட்டி மூண்டது; வீடுகளிலும் முற்றங்களிலும் சேர்ந்திருந்த குப்பை ஆயிரக்கணக்கான வண்டிகளில் வெளியேறியது.

ஊர்வலத்தில் அழுக்கு அரக்கனும் பிளேக் எலியும் பெரிய உருவங்களாக வந்தன, முடிவில் கொளுத்தப்பட்டன. நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் புத்தாடையும் மாலையுமாக ஊர்வலத்தில் மரியாதையோடு நடந்தார்கள். பின்னால் லட்சுமி, வரப்போகும் கட்டடங்களின் மாதிரிகள். பார்த்தவர்களுக்குத் துளசிச் செடிகள் கொடுக்கப்பட்டன.

இதை வேடிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1918-ல் அவர் கொடுத்த இரண்டு தொகுதி இந்தூர் அறிக்கையில் கழிவுநீர் பற்றிய நீண்ட பகுதி உண்டு. முன்மொழியப்பட்டிருந்த விலையுயர்ந்த நிலத்தடிக் குழாய்த் திட்டம் நகரின் பணத்தையெல்லாம் விழுங்கும், வீடுகளுக்கு ஒன்றும் மிஞ்சாது. கழிவைத் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் உரமாக்குங்கள் என்பது அவர் வாதம். பொறியாளர்கள் அதை ரசிக்கவில்லை.

அந்த 1917-லேயே மகன் அலஸ்டர் பிரான்சில் போரில் கொல்லப்பட்டார். இந்தியாவில் குடற்காய்ச்சலோடு படுத்திருந்த அன்னாவிடம் அதைச் சொல்லாமல், அலஸ்டரின் பழைய கடிதங்களைப் புதியவைபோல் வாசித்துக் காட்டினார் கெடிஸ். சில வாரங்களில் அன்னாவும் இறந்தார்.

பம்பாயில் என்ன பதவி?

1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் பேராசிரியர். இந்தியச் சமூகவியலின் முன்னோடி ஜி. எஸ். குர்யே அவர் தேர்ந்தெடுத்துக் கேம்பிரிட்ஜ் அனுப்பப்பட்டவர். ஜகதீஷ் சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றையும் கெடிஸ் எழுதினார். தாகூரோடும் நட்பு இருந்தது.

கொழும்புக்கு?

1921-ல் ஒரு முதற்கட்ட அறிக்கை. மரங்கள் அடர்ந்த சாலைகளும் பூங்காக்களும் கொண்ட தோட்ட நகரமாகக் கொழும்பைப் பார்த்தார். பின்னால் வந்த திட்டங்கள் பலவற்றுக்கு அது தொடக்கப்புள்ளி.

அவர் திட்டப்படி உண்மையில் கட்டப்பட்ட நகரம் எது?

டெல் அவீவின் வடபகுதி. மேயர் மெயிர் டிசென்காஃப் கேட்டு 1925-ல் வரைந்தது. கடற்கரைக்கு இணையாக வடக்கு தெற்காகப் பெருஞ்சாலைகள். கடலை நோக்கிக் கிழக்கு மேற்காகக் காற்றை உள்ளே கொண்டுவரும் தெருக்கள். இவற்றுக்கு இடையே பெரிய தொகுதிகள். தொகுதிக்குள் வண்டிப் போக்குவரத்து குறைந்த சிறு தெருக்கள், நடுவில் பொதுத் தோட்டம். பெரும்பாலும் இரண்டு தளத் தனி வீடுகளை மனதில் வைத்து வரைந்தார். 1930-களில் குடியேற்றம் பெருகியபோது தளங்கள் கூடின, நடுத்தோட்டங்கள் பலவும் சுருங்கின. தெரு அமைப்பு மட்டும் தாங்கியது. 2003-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ‘வெள்ளை நகரம்’ இந்த அமைப்பின் மேல்தான் நிற்கிறது. எருசலேமில் எபிரேயப் பல்கலைக்கழகத்துக்கு மியர்ஸோடு சேர்ந்து 1919-ல் போட்ட திட்டம் முழுமையாக நிறைவேறவில்லை.

மற்றவை ஏன் நிறைவேறவில்லை?

அவர் ஆலோசகர் மட்டுமே. நிதியும் ஆணையும் வேறு கைகளில் இருந்தன. அறிக்கை கொடுத்து அடுத்த ஊருக்குப் போய்விடுவார், பின்தொடர ஆள் இல்லை. உள்ளூர்ப் பொறியாளர்களை அறிக்கையிலேயே கடுமையாக விமர்சிப்பார்; நிறைவேற்ற வேண்டியவர்களும் அவர்களே. எழுத்து வேறு, ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். சாக்கடைக்கு விடை தேடும் அதிகாரி, பல்கலைக்கழகச் சீர்திருத்தம் பற்றிய முப்பது பக்கத்தைத் தாண்ட வேண்டியிருக்கும்.

‘உலக அளவில் சிந்தி, உள்ளூரில் செயல்படு’ என்பது அவர் சொன்னதா?

அந்தச் சொற்களில் அவர் எழுதியதில்லை. கருத்து மட்டும் அவருடைய போக்கோடு ஒத்துப்போகிறது. அருகருகே வளர்ந்து ஒன்றாகும் நகரங்களைக் குறிக்கும் ‘கானர்பேஷன்’ என்ற கலைச்சொல் அவருடையது. 1915-ல் வந்த நகரப் பரிணாமம் பற்றிய நூலில் இருக்கிறது.

ஃபிராங்க் மியர்ஸ் பற்றி?

முறையாகப் பயின்ற கட்டடக் கலைஞரும் நகரமைப்பாளருமான இவர் 1915-ல் நோரா கெடிஸை மணந்தார். 1913-ல் திறக்கப்பட்ட எடின்பரோ விலங்குக் காட்சிசாலையின் அமைப்பில் இவருக்கு முக்கியப் பங்கு உண்டு. பிறகு ராயல் ஸ்காட்டிஷ் அகாதெமியின் தலைவரானார். மத்திய, தென்கிழக்கு ஸ்காட்லாந்துக்கான இவருடைய வட்டாரத் திட்டம் மாமனாரின் பள்ளத்தாக்குப் பார்வையை அரசாங்க ஆவணமாக்கியது. அமெரிக்காவில் அதே பார்வையைப் பரப்பியவர் நகரங்களைப் பற்றி எழுதிய லூயிஸ் மம்ஃபோர்டு.

கடைசிக் காலம்?

1924-ல் மோன்பெலியேவில் குடியேறி ஸ்காட்லாந்துக் கல்லூரி என்ற விடுதியைக் கட்டத் தொடங்கினார், மீண்டும் கடன். 1928-ல் லிலியன் பிரவுனை மணந்தார். முன்பு மறுத்த சர் பட்டத்தை 1932-ல் ஏற்றார். அதே வசந்தத்தில் மறைந்தார்.

எதை முதலில் படிப்பது?

ஜாக்குலின் டிர்விட் 1947-ல் தொகுத்த இந்திய அறிக்கைத் தேர்வு. தஞ்சை வரைபடங்களும் குளம், கிணறு பற்றிய பகுதிகளும் அதில் உண்டு. இந்தூர் அறிக்கையை அதற்குப் பிறகு எடுங்கள். முதலில் எடுத்தால் பாதியில் நின்றுவிட வாய்ப்பு அதிகம். கோட்பாட்டு நூல்கள் கடைசியில். படித்துக்கொண்டிருக்கும்போதே நூறு வீடு உள்ள ஒரு தெருத் தொகுதியை நான்கு நிறத்தில் தீட்டிப் பார்ப்பது நல்லது. இருவர், ஒரு நாடா, நகர நில அளவை வரைபடத்தின் ஒரு பெரிய நகல் போதும். நில அளவை வரைபடத்தில் மரமும் திண்ணையும் இருக்காது. அவற்றை நீங்களே குறித்துக்கொள்ள வேண்டும்.